இரண்டு அறை ஒப்பந்தம்

இரண்டு தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைக்கக் கூடாது என்பது கோவிந்தராஜனின் யோசனை. புதிய யோசனை அல்ல. கிட்டத்தட்ட முந்நூறு வருஷப் பழையது.

1706-ல் இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் ஒரே நாடாக்கப் பேச்சு நடந்தது. இரு தரப்புப் பிரதிநிதிகளும் லண்டனில் ஒரே கட்டடத்தில், தனித்தனி அறைகளில் உட்கார்ந்தார்கள். முகம் பார்த்துப் பேசியது குறைவு. ஓர் அறையிலிருந்து தாள் போகும். மறு அறையிலிருந்து பதில் தாள் வரும். ஒரு கோடைக்குள் இருபத்தைந்து விதிகளை முடித்துவிட்டார்கள். மறு வருஷம் ஸ்காட்லாந்தின் நாடாளுமன்றம் இல்லாமல் போயிற்று. கோவிந்தராஜன் அதைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்தார், ஒரு புத்தகம் எழுதினார், மொன்றியலில் ஓர் ஆங்கிலப் பல்கலைக்கழகத்தில் இருபத்தாறு வருஷமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மதுரைக்காரருக்கு ஸ்காட்லாந்து எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டார்.

இப்போது ஒன்றாக வேண்டியவை நாடுகள் அல்ல. இரண்டு தமிழ் அமைப்புகள்.

ஒன்று, மன்றம். எழுபத்தொன்றில் கோவிந்தராஜனும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து ஆரம்பித்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த டாக்டர்கள், பொறியாளர்கள், பேராசிரியர்கள். ஒரு காலத்தில் பொங்கல் விழாவுக்கு நாற்காலி போதாது. பிறகு பிள்ளைகள் படித்து முடித்துத் தொராண்டோவுக்கும் பாஸ்டனுக்கும் போனார்கள். பெற்றவர்கள் புறநகர்களான புரோசார்டிலும் புவாண்ட்-கிளேரிலும் வீடு வாங்கிக்கொண்டு, பனி கொட்டுகிறது, கார் எடுக்க முடியவில்லை என்று ஃபோன் செய்தார்கள். இப்போது ஏட்டில் முப்பத்தெட்டுக் குடும்பம். கோத்-தெ-நேஜில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு. அவர் மனைவி வசந்தகுமாரி நடத்தினாள். ஏழு குழந்தைகள்.

மற்றது, சங்கம். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வந்த யாழ்ப்பாணத்துக்காரர்களுடையது. எந்த விழா என்றாலும் அறுநூறு பேர் வருவார்கள். குழந்தைகளை உட்கார வைக்கத்தான் இடம் இல்லை. பள்ளி வாரியம் சனிக்கிழமை வகுப்பறைகளைக் கொடுக்கத் தயார், ஆனால் இருபது வருஷமாவது பதிவாகியிருக்கும் அமைப்புக்குத்தான் கொடுக்கும். மன்றத்திடம் பதிவு இருந்தது. சங்கத்திடம் குழந்தைகள் இருந்தார்கள். அந்த வருஷம், தொண்ணூற்றைந்தில், வசந்த காலத்தில் தேவாலயத்துக்குப் புதிதாக வந்த பாதிரியார், ஜனவரியிலிருந்து ஏழைகளுக்கு உணவு கொடுக்க நிலவறை தேவைப்படும் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தவறு காண முடியவில்லை.

சேராவிட்டால் மன்றம் டிசம்பரோடு முடிந்தது. அது கோவிந்தராஜனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஜூன் மாதம் முதல் கூட்டத்தை எல்லோரும் செய்வதுபோல ஒரே அறையில்தான் நடத்தினார்கள். புதிய அமைப்புக்குப் பெயர் வைப்பதிலேயே மூன்று மணி நேரம் போயிற்று.

"தமிழர் கழகம் எண்டு வைப்பம்" என்றார் சங்கத்திலிருந்து வந்த பத்திநாதர். அறுபத்தைந்து வயது. எதையும் சிரிக்காமல் சொல்பவர்.

"கழகம்னா ஊர்ல கட்சி சார்" என்றார் மன்றத்தின் செயலாளர் சம்பத். விமான உதிரிபாகக் கம்பெனியில் பொறியாளர். "கறுப்பு சிவப்பா, நடுவுல வெள்ளையான்னு கேப்பாங்க."

"எங்கட ஊரில அது ஃபுட்போல் கிளப், தம்பி. பந்து ஒண்டு வாங்கி வச்சாச் சரி."

சம்பத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பத்திநாதரோடு வந்தவர்களுக்கு அடக்க முடியவில்லை. இந்தியாக்காரர் எப்போதும் இப்படித்தான் என்று யாரோ பின்னால் சொன்னார்கள். எப்படித்தான் என்று சம்பத் கேட்டார். அத்தோடு கூட்டம் முடிந்தது.

அதன் பிறகுதான் இரண்டு அறை. நிலவறையில் தேவாலயத்தின் ஞாயிறு வகுப்பு நடக்கும் அறையில் மன்றம். அடுத்திருந்த சமையலறையில் சங்கம். கோரிக்கைகள் எழுத்தில். எழுதியதைக் கொண்டு போவது வசந்தகுமாரி.

"போஸ்ட்மேன் வேலையா எனக்கு?" என்றாள்.

"1706-ல இதுக்குத் தனியா செயலாளர்கள் இருந்தாங்க."

"அவங்களுக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய் இட்லிக்கு அரைக்க வேண்டியிருந்திருக்காது."

ஆனால் முறை வேலை செய்தது. தாளில் எழுதும்போது யாரும் 'இந்தியாக்காரர் எப்போதும்' என்று எழுதுவதில்லை. பெயர் தீர்ந்தது: மொன்றியல் தமிழ் அவை. செயற்குழுவில் பத்துப் பேர். மன்றம் நான்கு கேட்டது, மூன்று கிடைத்தது. முப்பத்தெட்டுக் குடும்பத்துக்கு அது அதிகம்தான். முதல் வருஷம் இரண்டு இணைத்தலைவர்கள். தாளைக் கொண்டுபோகும் வசந்தகுமாரி திரும்பி வருவதற்கு வர வர அதிக நேரமாயிற்று. சமையலறையில் அடுப்பு இருந்தது. தேநீர் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிக்கும் சத்தம் கேட்கும். சம்பத் கடிகாரத்தைப் பார்ப்பார்.

சங்கத்துக்காகத் தாள் எழுதியவர் தியாகராசா. புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் இரவு வேலை. ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் மேலாளராக இருந்தவர். ஆயிரம் கூட்டங்களைப் பார்த்த கை. அவர் பதில்கள் ஒரு வரியைத் தாண்டாது. 'சம்மதம்.' 'சம்மதமில்லை.' 'மூன்று தரலாம், நான்கு தரேலாது.' கோவிந்தராஜனுக்கு அந்தக் கையெழுத்தைப் பிடித்துப் போயிற்று. 1706-லும் லண்டனில் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வசந்தகுமாரியிடம் சொன்னார். அவள் தெரிந்ததுபோலத் தலையாட்டினாள்.

பன்னிரண்டாவது விதியில் நின்றது.

சங்கத்தின் எந்த நிகழ்ச்சியும் அகவணக்கத்தோடுதான் தொடங்கும். மேடையில் ஒருவர் வந்து எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்வார். ஊரில் செத்தவர்களுக்காகத் தலை குனிந்து மௌனமாக நிற்பார்கள். பிறகு அவரே "நன்றி, அமருங்கள்" என்பார். உட்காருவார்கள். கல்யாணப் புடவைக் கண்காட்சி என்றாலும் அப்படித்தான். மன்றத்தில் கடவுள் வாழ்த்து மட்டும். அரசியலுக்கு இடமில்லை என்று முதல் நாளே எழுதி வைத்திருந்தார்கள்.

மன்றத்தின் பொதுக்குழு ஜூலையில் தீர்மானம் போட்டது: புதிய அவையின் மேடையிலிருந்து எந்த நாட்டு அரசியல் பற்றிய அறிவிப்பும், அஞ்சலிக்கான அழைப்பும் செய்யக் கூடாது. இது இல்லாவிட்டால் இணைப்பு இல்லை. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சம்பத். அதைச் சட்ட வாசகமாக்கிக் கொடுத்தவர் கோவிந்தராஜன்.

அவருக்கு அந்த மௌனத்தின் மீது தனியாகக் கோபம் இல்லை. ஆனால் சிறியது பெரியதோடு சேரும்போது எதையாவது எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை அவர் முப்பது வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தார். ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் திருச்சபையை வாங்கிக்கொண்டார்கள், நீதிமன்றங்களை வாங்கிக்கொண்டார்கள். மற்றதெல்லாம் போயிற்று. அந்த இரண்டும் இன்னும் இருக்கின்றன. பன்னிரண்டாம் விதி இருந்தால் மன்றம் கரைந்தாலும் ஒரு துண்டு மிஞ்சும். இல்லாவிட்டால் கரைந்தது கரைந்ததுதான்.

சமையலறைக்குத் தாள் போனது. பதில் வந்தது: 'சம்மதமில்லை.'

சம்பத் பேனாவை வாங்கி எழுதினார்: 'மௌனம் யாருக்காக?'

'செத்தவர்களுக்காக.'

'எந்தச் செத்தவர்கள்?'

இந்தத் தடவை வசந்தகுமாரி கொஞ்சம் தாமதித்து வந்தாள். 'எல்லாருக்கும்' என்று இருந்தது.

சம்பத் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொண்ணூற்றொன்றில் தமிழ்நாட்டில் அந்தக் குண்டு வெடித்தபோது பந்தோபஸ்துக்கு நின்றிருந்த போலீஸ்காரர்களில் ஒருவன் அவருடைய சித்தப்பா மகன். இருபத்தாறு வயது. சம்பத் அதை மன்றத்தில் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

"எல்லாருக்கும்னா, அவனைக் கொன்னவங்களுக்கும் சேர்த்தா மேடம்? கேட்டுட்டு வாங்க."

வசந்தகுமாரி கையை நீட்டவில்லை. "இதை நான் கொண்டு போக மாட்டேன் சம்பத். நீங்களே எழுந்து போய்க் கேளுங்க. பத்தடிதான்."

சம்பத் எழுந்திருக்கவில்லை. கோவிந்தராஜனும் எழுந்திருக்கவில்லை. தாளில் எழுத முடியாதது ஒன்று வந்தால் 1706-ல் என்ன செய்தார்கள் என்று யோசித்தார். எழுதியவைதான் மிஞ்சியிருந்தன. மற்றது தெரிய வழியில்லை.

ஆகஸ்டும் செப்டம்பரும் அப்படியே போயின.

அக்டோபரில் ஊர் முழுக்கச் சேர்வது, பிரிவது என்று இதே பேச்சாக இருந்தது. கியூபெக் கனடாவை விட்டுப் போகலாமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு. விளக்குக் கம்பங்களில் ஒரு பக்கம் உய், அதாவது ஆம்; மறு பக்கம் நொன், இல்லை. கோவிந்தராஜனின் வகுப்பில் வழக்கமாகப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அந்த மாதம் உட்கார இடமில்லை. சேர்ந்த நாடு பிரியலாமா சார் என்று கேட்டார்கள். 1707-ல் 'என்றென்றைக்கும்' என்று எழுதினார்களே, அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் என்ன பொருள் என்று கேட்டார்கள். ஒருத்தி நேரடியாகவே கேட்டாள்: "நீங்கள் உய்யா, நொன்னா?" அவர் நூலகத்தில் இருக்கும் ஆவணங்களின் பெயர்களைச் சொன்னார். ஸ்காட்லாந்தின் ஊர்களிலிருந்து இணைப்பு வேண்டாம் என்று வந்த மனுக்களைப் பற்றிச் சொன்னார். அவை காற்றாடி செய்யத்தான் ஆகும் என்று ஒரு பிரபு சொன்னாராம் என்றார். வகுப்பு சிரித்தது. யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை வாக்கெடுப்பு. மயிரிழையில் நொன் ஜெயித்தது. தோற்ற தரப்பின் தலைவர் மேடையேறி, பணமும் இனக்குழுக்களின் வாக்கும்தான் தங்களைத் தோற்கடித்தன என்றார்.

மறுநாள் காலை சம்பத் ஃபோன் செய்தார். "கேட்டீங்களா சார்? நம்மளைத்தான் சொல்றார். முப்பது வருஷமா வரி கட்டறோம், இப்பதான் நாம கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கோம்."

"ம்" என்றார் கோவிந்தராஜன்.

அவர் அப்போது வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். வசந்தகுமாரி இன்னொரு அறையில் வானொலியை வைத்திருந்தாள். முதல் நாள், இங்கே வாக்குச் சாவடிகள் திறக்கும் முன்பே, அங்கே மாலை. யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்திருந்தார்கள். இராணுவம் நெருங்கி வந்துகொண்டிருந்தது. ஒரு நகரம் முழுக்க, சுற்றியிருந்த ஊர்கள் முழுக்க, இரவோடு இரவாக ஒரே சாலையில் நடந்தது. மழை. பாலத்தைக் கடக்க முடியாமல் சனம் நின்ற இடத்திலேயே நின்றது என்று வானொலியில் சொன்னார்கள்.

சனிக்கிழமை கடைசிக் கூட்டம் வைத்திருந்தார்கள். தள்ளி வைக்கலாம் என்று சொல்லக் கோவிந்தராஜன் தியாகராசாவின் வீட்டுக்கு மூன்று நாள் தொடர்ந்து ஃபோன் செய்தார். லைன் கிடைக்கவே இல்லை.

சனிக்கிழமை காலை நிலவறைக்குப் போனபோது சமையலறையில் விளக்கு எரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் இல்லை. அவர் வழக்கம்போல ஞாயிறு வகுப்பு அறையில் உட்கார்ந்தார். சம்பத் எதிரே. சுத்தப் பிரதி தயாராக இருந்தது. பதினோரு விதிகளுக்கு இரு தரப்பும் ஒப்பியாயிற்று. பன்னிரண்டுக்கு எதிரே வெற்றிடம். வசந்தகுமாரி அதை எடுத்துக்கொண்டு போனாள்.

உடனே திரும்பி வந்தாள். அப்படி அவள் வந்ததே இல்லை.

"எல்லாத்துக்கும் சரின்னுட்டார்."

"பன்னிரண்டுக்கு?"

"அதுக்கும்தான். படிக்கல. எங்க கையெழுத்து வைக்கணும்னு கேட்டார்."

சம்பத் நிமிர்ந்தார். "அப்ப முடிஞ்சுது சார்."

"எத்தனை பேர் வந்திருக்காங்க?" என்றார் கோவிந்தராஜன்.

"அவர் மட்டும்தான்."

கோவிந்தராஜன் எழுந்தார். அந்தப் பத்தடியை நாலு மாதத்தில் முதல் தடவையாக நடந்தார்.

தியாகராசா கிடங்குச் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் இன்னும் பெயர் அட்டை. மேசையில் அவருக்கு முன்னால் ஒரு டெலிஃபோன் அட்டை, சுரண்டிய தூள் ஒட்டியபடி. அடுப்பு மூட்டப்படவில்லை. அவரைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்கோ சேர். தேத்தண்ணி போடேல்லை. மன்னிக்க வேணும்."

"உட்காருங்க. உங்க வீட்டுக்காரங்க..."

"அக்காவும் அத்தானும். கொக்குவில். அவவுக்கு நடக்கேலாது, முழங்கால். அத்தான் சைக்கிளில வச்சு உருட்டிக்கொண்டு வெளிக்கிட்டவராம். கண்ட ஆக்கள் வவுனியாவுக்கு வந்து கொழும்புக்குச் சொல்லி, அவை எனக்குச் சொன்னவை. பாலத்தடி மட்டும் கண்டதாம். பேந்து தெரியாது."

கோவிந்தராஜன் குனிந்து பார்த்தார். கையில் பேனா இருந்தது. அதை எப்போது எடுத்தார் என்று நினைவில்லை.

"இன்னிக்கு இது வேண்டாம்" என்றார். "தள்ளி வைக்கலாம். ரெண்டு வாரம். டிசம்பர் வரைக்கும் நேரம் இருக்கு."

"ரெண்டு கிழமையில என்ன சேர் மாறும்?"

"நீங்க இப்ப இருக்கிற நிலையில உங்ககிட்ட இதுல கையெழுத்து வாங்கறது சரியில்லை. நாலு மாசமா சம்மதமில்லைன்னீங்க."

"ஓம். சொன்னனான்." தியாகராசா கண்ணைக் கசக்கினார். "சேர், நான் ராத்திரி வேலை முடிச்சு நேரா இஞ்ச வாறன். பத்திநாதர் அண்ணையைக் கூப்பிட்டன். அவர் ஃபோனடியை விட்டு எழும்ப மாட்டன் எண்டிட்டார். மற்ற ஆக்களும் அப்பிடித்தான். நான் வந்திட்டன். ஏன் வந்தனான் தெரியுமோ? வீட்டில இருந்தா அந்த ஃபோனைத்தான் பாத்துக்கொண்டு இருக்க வேணும். இஞ்ச ஒரு அலுவல் இருக்கு. அதை முடிப்பம். எனக்கு ஒரு அலுவலாவது முடிய வேணும்."

"உங்க ஆட்கள் என்ன சொல்வாங்க?"

"என்னைப் பேசுவினம். பேசட்டும். பிள்ளையளுக்கு வகுப்பறை கிடைக்கும் தானே. சனம் என்ன செய்யும் எண்டு மட்டும் என்னட்டைக் கேக்காதேங்கோ. அதை நான் எழுதித் தரேலாது."

கதவில் சம்பத் நின்றிருந்தார். அவரும் அந்தப் பத்தடியை நடந்துவிட்டிருந்தார். பெயர் அட்டையைப் பார்த்தார், டெலிஃபோன் அட்டையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பேனா கோவிந்தராஜனிடம்தான் இருந்தது. ஒரு கோடு போட்டால் போதும், பன்னிரண்டாம் விதி போய்விடும். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. விதி இல்லாத ஒப்பந்தத்தை முப்பத்தெட்டுக் குடும்பமும் நிராகரிக்கும். அப்படித்தான் தீர்மானம். ஜனவரியில் ஏழு குழந்தைகளுக்கு இடம் இருக்காது, மன்றம் என்று ஒன்று இருந்ததற்கு அவர் வீட்டு அலமாரியில் ஒரு ரப்பர் முத்திரை மட்டும் இருக்கும். மறுபக்கம், எதிரே இருப்பவர் எதில் வேண்டுமானாலும் இன்று கையெழுத்துப் போடுவார். அதுவும் தெரிந்தது.

எடின்பரோவில் மாணவனாக இருந்தபோது அவர் அந்தப் பழைய பிரதிநிதிகளைப் பற்றி நிறைய எழுதினார். யார் எதற்காக ஒப்புக்கொண்டார்கள். யாருக்குப் பதவி, யாருக்குப் பயம், யாருக்கு நம்பிக்கை. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். வெறுமனே களைத்துப் போய் ஒருவர் கையெழுத்து வைத்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அதற்கு ஆவணம் கிடையாது.

"எங்க சேர் வைக்கிறது?" என்றார் தியாகராசா.

கோவிந்தராஜன் விரலால் இடத்தைக் காட்டினார்.

தியாகராசா கையெழுத்து வைத்தார். கோவிந்தராஜன் வைத்தார். வசந்தகுமாரி அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்குப் போகும்போது காரில் அவள் சொன்னாள்: "கோடு போடுவீங்கன்னு நினைச்சேன்."

"போட்டிருந்தா நம்ம ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க."

"தெரியும்." கொஞ்ச தூரம் போன பிறகு, "தெரிஞ்சுதான் நினைச்சேன்" என்றாள்.

பொதுக்குழு ஒப்புக்கொண்டது. சம்பத்தும் கை தூக்கினார். டிசம்பரில் தியாகராசாவின் அக்காவைப் பற்றித் தகவல் வந்தது: சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். அத்தானைப் பற்றி எதுவும் இல்லை.

ஜனவரியில் பொங்கல். புதிய அவையின் முதல் விழா. பார்க்-எக்ஸ்டென்ஷனில் ஒரு பள்ளி அரங்கத்தை வாரியம் கொடுத்திருந்தது. வெளியே மைனஸ் இருபது. நடைபாதையில் கோட்டுகள் மலையாகக் குவிந்திருந்தன. அறுநூறுக்கும் மேலே வந்திருந்தார்கள். முன் இரண்டு வரிசை மன்றத்துக்காரர்களுக்கு. இனி மன்றம் இல்லை, ஆனாலும் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், அவர்களும் அங்கேதான் உட்கார்ந்தார்கள்.

விழாவைத் தொடங்கி வைப்பது இணைத்தலைவர் கோவிந்தராஜன். மைக்குக்கு முன்னால் நின்று, கடவுள் வாழ்த்துக்கு எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொண்டார். எழுந்தார்கள். தாரா, நிரோஜா என்று இரண்டு சிறுமிகள் பாடினார்கள். ஒருத்தி மன்றத்தின் ஏழில் ஒருத்தி. மற்றவள் சங்கத்துப் பிள்ளை. ஒரு வரியை இருவரும் இரண்டு விதமாகப் பாடி, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து, சேர்ந்து முடித்தார்கள்.

பாட்டு முடிந்தது. முன் இரண்டு வரிசை உட்கார்ந்தது.

மற்றவர்கள் உட்காரவில்லை.

அவர் முதலில் கவனிக்கவில்லை. வரவேற்புரைத் தாளை எடுத்து விரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அரங்கம் முழுக்கத் தலைகள் குனிந்திருந்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. யாரும் எதையும் அறிவிக்கவில்லை. மேடை ஓரத்தில் தியாகராசா கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். பத்திநாதர் கதவருகே நின்றார். அவர்கள் முகத்தில் எதிர்ப்பு எதுவும் இல்லை. குளிரில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள்.

சம்பத் முன்வரிசையிலிருந்து அவரைப் பார்த்தார். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தார். உட்காரச் சொல்லுங்கள்.

பன்னிரண்டாம் விதியின் ஒவ்வொரு சொல்லும் கோவிந்தராஜனுக்குத் தெரியும். அவர் எழுதியது. மேடையிலிருந்து அறிவிக்கக் கூடாது, அழைக்கக் கூடாது. நிற்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஒருவர் சொல்லாமல் அறுநூறு பேர் நிற்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை.

வெப்பக் குழாய்கள் தட்டிக்கொண்டன. எங்கோ ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது, யாரோ அதன் வாயில் எதையோ வைத்தார்கள். அவர் காத்திருந்தார். இவர்கள் உட்காருவார்கள், பிறகு பேசலாம். அவர்கள் உட்காரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. பிள்ளைகள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார்கள். ஒன்றிரண்டு பேர் தலையை லேசாகத் தூக்கி மேடையைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்கள்.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இது எப்படி முடியும் என்று அவர்களுக்கும் தெரியாது.

அவர்கள் வழக்கத்தில் தொடங்கியவர்தான் முடிப்பார். "நன்றி, அமருங்கள்" என்று அவர் சொன்ன பிறகுதான் உட்காருவார்கள். அதற்கு முன்னால் யாரும் உட்கார்ந்ததில்லை. முதலில் உட்காருகிறவராக யாரும் இருக்க விரும்பமாட்டார்கள். இன்று தொடங்கியவர் இல்லை. அதைத் தடுத்தது கோவிந்தராஜன் எழுதிய விதி. மைக்குக்கு முன்னால் நிற்பது அவர் ஒருவர்தான்.

மூன்றாவது வரிசையில் பிலோமினம்மா என்ற வயதான பெண் முன் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொல்லி மகன் தோளைத் தொட்டான். அவள் தோளை உதறினாள்.

ஒன்றும் சொல்லாமல் வரவேற்புரையைத் தொடங்கலாம். அறுநூறு பேர் நிற்க, அதைக் காணாததுபோல, தை பிறந்தது என்று படிக்கலாம். அல்லது சம்பத் சொன்னபடி செய்யலாம். 'அமருங்கள்' என்று மட்டும். நடந்தது எதுவுமே இல்லை, பாட்டு இப்போதுதான் முடிந்தது என்பதுபோல. அது விதிக்கு உட்பட்டது. அவர் அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துப் பார்த்தார். இத்தனை நேரம் நின்றவர்களிடம் அதை மட்டும் சொல்ல முடியாது என்று தோன்றியது.

அவருக்கும் கால் வலித்தது. எத்தனையோ மாதமாக எதையோ தூக்கிக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது.

தாளை மடித்தார். தலையைக் குனிந்தார். யாருக்காக என்று அவர் தனக்குள் சொல்லிக்கொள்ளவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு பாலத்தடிக்கு வந்த ஒருவர் நினைவுக்கு வந்தார். பந்தோபஸ்துக்கு நின்ற இருபத்தாறு வயதுப் பையன் நினைவுக்கு வந்தான். இருவரையும் அவர் பார்த்ததில்லை. ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவரை விட்டுவிட அவருக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. வசந்தகுமாரியாக இருக்கும். அவர் பார்க்கவில்லை.

பிறகு மைக்குக்கு அருகே போனார்.

"நன்றி" என்றார். "அமருங்கள்."

ஒரே சமயத்தில் அறுநூறு நாற்காலிகள் சத்தமிட்டன. பெருமூச்சுகள், இருமல்கள், குழந்தைகளின் அழுகை. தியாகராசா அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். தலையாட்டவில்லை, சிரிக்கவில்லை. சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

முன்வரிசையில் சம்பத் எழுந்தார். கோபமாக எழுந்ததாகத் தெரியவில்லை. நேரமாகிவிட்டது போல எழுந்தார். அவர் மனைவி கைப்பையைத் தேடி எடுத்துக்கொண்டாள். பின்னால் இன்னும் இரண்டு குடும்பம். நடைபாதையில் தங்கள் கோட்டுகளைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு நேரம் பிடித்தது. அந்தக் குவியலை அவர்கள் கிளறுவது மேடையிலிருந்து தெரிந்தது.

அவர்கள் வெளிக் கதவைத் தாண்டும் வரை கோவிந்தராஜன் காத்திருந்தார். பிறகு தாளைப் பிரித்து வரவேற்புரையைப் படித்தார்.